பி27 அரியலூருக்கு வந்த வழி

அரியலூர்ப் பக்கம் இளவட்டம் ஒருவனுக்கு இடுப்பு வலித்தால் காரணத்துக்குப் பஞ்சமில்லை. சிமென்ட் மூட்டை தூக்கியிருப்பான், சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டியிருப்பான். பெரம்பலூர்க்காரன் என்றால் சின்ன வெங்காயக் காட்டில் நாளெல்லாம் குனிந்து கிடந்திருப்பான். பெரும்பாலும் காரணம் அதுதான். மூட்டை தூக்கிய முதுகு படுத்தால் தேறும். படுக்கப் படுக்கக் கூடி, நடமாடினால் குறைகிற வலி வேறு சாதி. பின்னிரவில் எழுப்பிவிடும், காலையில் அரை மணி நேரத்துக்கு மேல் முதுகு வளையாது. மூன்று மாதமாக இப்படி என்று கேட்டதும் டாக்டர் சீட்டில் ‘எச்.எல்.ஏ. பி27’ என்று எழுதுகிறார். ஊதா மூடிக் குழாயில் எடுத்த ரத்தம் பெரிய லேபுக்குப் போகிறது.  

இந்த எழுத்தும் எண்ணும் பிறந்த இடத்தில் முதுகுவலி பற்றிய பேச்சே இல்லை. பாரிஸில் ழான் தோசே என்பவர், பலமுறை ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களின் சீரம் பிறருடைய வெள்ளணுக்களைத் திரளவைப்பதைக் கவனித்து, 1958-இல் அந்த அணுக்களின் மேலுள்ள அடையாளம் ஒன்றை விவரித்தார். 1980-இல் நோபல் பரிசில் அவருக்கும் பங்கு கிடைத்தது. யாருடைய சிறுநீரகம் யாருக்குப் பொருந்தும் என்று பார்க்க, எச்.எல்.ஏ. எனப்படும் இந்த அடையாளங்கள் தேவைப்பட்டன. லாஸ் ஏஞ்சலிஸில் பால் தெரசாகி 1964-இல், ஒரு துளியிலும் சிறு பங்கு சீரத்தை வைத்தே சோதனையை முடிக்க வழி செய்தார். ஜப்பானிய வம்சம் என்பதற்காக இரண்டாம் உலகப் போரின்போது குடும்பத்தோடு அரிசோனா முகாமில் அடைக்கப்பட்ட பையன் அவர். அடையாளங்கள் பெருகின, ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்தார்கள். 27 அதில் ஒன்று, அவ்வளவே.

1973-இல் அது முதுகெலும்புக்கு வந்து சேர்ந்தது. லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் மருத்துவமனையில் டெரிக் பிரூவர்ட்டனும் கூட்டாளிகளும், முதுகெலும்பு இறுகிப்போகும் அன்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் நோயாளிகள் 75 பேரைச் சோதித்தார்கள். 72 பேருக்கு பி27 இருந்தது. நோயில்லாத 75 பேரில் மூவருக்கு மட்டும். அதே ஆண்டு தெரசாகியின் குழுவும் இதையே கண்டது. எனக்கு அந்த லண்டன் கட்டுரையின் இன்னோர் எண்தான் பெரிதாகப் படுகிறது: நோயாளிகளின் நெருங்கிய ரத்த உறவினர் 60 பேரில் 31 பேருக்கும் பி27 இருந்தது. ஆறாம் குரோமோசோமில் உட்கார்ந்து பி27-ஐ உருவாக்கும் மரபணு, பெற்றவர் ஒருவரிடமிருந்து பிள்ளைக்கு இறங்க ஏறக்குறையப் பாதி வாய்ப்பு.

மரபணு இறங்கலாம், நோய் கூடவே இறங்குவதில்லை. பி27 உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆயுள் முழுக்க நிமிர்ந்தே நடக்கிறார்கள். ஒரே கருவில் பிறந்த இரட்டையரில் ஒருவருக்கு நோய் வந்து மற்றவருக்கு வராமல் போவதும் உண்டு. பி27-இலேயே உட்பிரிவுகள் பல. சார்டினியத் தீவில் காணப்படும் 09 வகைக்கும் தென்கிழக்கு ஆசியாவின் 06 வகைக்கும் நோயோடு அவ்வளவாக உறவில்லை. 1990-இல் மனித பி27-ஐ எலிகளுக்குள் புகுத்தினார்கள். குடலும் மூட்டும் வீங்கின. அதே எலிகளைக் கிருமியே இல்லாத கூண்டில் வளர்த்தபோது அந்த வீக்கம் வரவில்லை. அணுவுக்குள் உடைந்த புரதத் துணுக்குகளை வெளியே தூக்கிப் பிடித்து எதிர்ப்பாற்றல் அணுக்களுக்குக் காட்டுவது பி27-இன் வேலை. அந்த வேலை எங்கே பிசகுகிறது என்பதில் ஆராய்ச்சியாளர்கள் இன்னும் ஒருமனப்படவில்லை.

இவ்வளவும் கடந்து ரிப்போர்ட் வீட்டுக்கு வரும்போது ‘பாசிட்டிவ்’ என்ற ஒற்றைச் சொல்லாகிவிடுகிறது. தங்கைக்கும் எடுத்துப் பார்த்துவிடலாமா, வரன் பார்க்கிற நேரமாயிற்றே என்று அம்மா கேட்பார். தொந்தரவே இல்லாத பெண்ணுக்கு இந்தச் சோதனை வேண்டியதில்லை. பாசிட்டிவ் என்று வந்தால் வீண் கவலைதான் மிஞ்சும். நெகட்டிவ் என்பதும் முழு விடுதலைப் பத்திரம் இல்லை. நோயை முடிவு செய்வது வலியின் குணமும் முதுகெலும்பும் இடுப்பெலும்பும் சேரும் மூட்டின் எம்.ஆர்.ஐ. படமும் சேர்ந்துதான். ஆனால் பி27-க்குக் கண் அழற்சியோடும் உறவுண்டு, அதனால் தங்கைக்கு என்றைக்காவது ஒரு கண் சிவந்து, வலித்து, வெளிச்சம் கூசினால் மெடிக்கலில் சொட்டு மருந்து வாங்கிப் போட்டுக்கொண்டு இருந்துவிடக் கூடாது. கண் டாக்டரிடம் போக வேண்டும், அண்ணனின் முதுகைப் பற்றியும் அங்கே சொல்ல வேண்டும்.