பொம்மை சொன்ன கணக்கு

கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டியிருக்கிறீர்களா? ஃப்ளைட்கியர் என்று ஒரு சிமுலேட்டர் இருக்கிறது. காசு கிடையாது. 1996ல் சில ஆர்வலர்கள் பேச்சாக ஆரம்பித்தது, 1997ல் நிஜமாகவே பறந்தது. விமானம் எப்படிப் பறக்கும் என்கிற கணக்கை ஆரம்பத்தில் நாசாவின் லாங்லி மையத்தில் எழுதப்பட்ட லார்க்சிம் என்ற நிரலிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். ஓப்பன் சோர்ஸ் அல்லவா? சாப்பாட்டோடு சமையல் குறிப்பையும் சேர்த்துக் கொடுத்துவிடுவார்கள். உப்பு, காரம் உங்கள் இஷ்டம்.

விமானம் சரி. ஹெலிகாப்டர்? அங்கேதான் வந்தது தலைவலி.

நான் பி.காம். எனக்குத் தெரிந்த வரவு செலவு பாஷையிலேயே சொல்கிறேன். பி.ஓ. 105 என்று ஒரு ஜெர்மன் ஹெலிகாப்டர். தலைக்கு மேலே நான்கு றெக்கைகள். சுற்றும்போது அவற்றின் நுனி மணிக்கு சுமார் 780 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். அந்தரத்தில் அப்படியே நிற்கும்வரை நாலு பேருக்கும் சம வருமானம். பிரச்னை இல்லை.

இப்போது 200 கிலோமீட்டர் வேகத்தில் முன்னால் போகிறது என்று வையுங்கள். எதிர்க்காற்றை நோக்கி வரும் றெக்கை நுனிக்கு வேகம் 980. பின்வாங்கும் றெக்கைக்கு 580தான். தூக்கும் விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அதாவது ஒரு பக்கம் இன்னொரு பக்கத்தைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு தூக்கும். கணக்கு டாலி ஆகுமா? வண்டி குடை சாய்ந்துவிடாதா?

சாய்ந்தது. நூறு வருடங்களுக்கு முன்னால்.

ஸ்பெயினில் ஹுவான் தெ லா சியர்வா என்று ஒரு பொறியாளர். 1919ல் அவர் வடிவமைத்த மூன்று என்ஜின் விமானம், வேகம் குறைந்து விழுந்து நொறுங்கியது. வேகம் குறைந்தாலும் விழாத ஒன்றைச் செய்கிறேன் என்று உட்கார்ந்தார். அதுதான் ஆட்டோஜைரோ. மூக்கில் சாதாரண விமான விசிறி. தலைக்கு மேலே காற்றிலேயே சுழலும் ரோட்டார். ஹெலிகாப்டருக்கு ஒன்றுவிட்ட அண்ணன்.

முதலில் சின்ன பொம்மை செய்து பார்த்தார். அழகாகப் பறந்தது. அதையே பெரிதாகக் கட்டினார். கவிழ்ந்தது. மாற்றிக் கட்டினார். கவிழ்ந்தது. மூன்றாவதும் அதே கதை.

பொம்மை பறக்கிறது, நிஜம் விழுகிறது. எங்கே தப்பு?

பொம்மையின் றெக்கைக்குள் இருந்தது பிரம்பு. வளையும். வேகமான பக்கத்தில் றெக்கை மேலே எழும்பி, காற்றை வெட்டும் கோணத்தைத் தானே குறைத்துக்கொண்டது. மெதுவான பக்கத்தில் கீழே தணிந்து, கோணத்தைக் கூட்டிக்கொண்டது. வரவும் செலவும் டாலி! நிஜ வண்டியின் றெக்கையோ விறைப்பாக நின்றது. அளவு, வடிவம் எல்லாவற்றையும் பெரிதாக்கிய மனிதர், அந்த வளைவை மட்டும் விட்டுவிட்டார். ஏனென்றால் அது ஒரு விஷயம் என்றே யாருக்கும் தோன்றவில்லை.

அடுத்த வண்டியில் ஒவ்வொரு றெக்கையின் அடியிலும் கதவுக்கு இருப்பதுபோல ஒரு கீல் வைத்தார். 1923 ஜனவரியில், மாட்ரிட் அருகே கெட்டாஃபேயில் பறந்தேவிட்டது. 1926ல் ஹெர்மன் கிளாவர்ட் என்ற ஆங்கிலேயர் இதற்கெல்லாம் முறையான கணிதம் எழுதினார்.

வேடிக்கை என்ன தெரியுமா? 1967ல் முதன்முதலாகப் பறந்த நம் பி.ஓ. 105ல் அந்தக் கீல் கிடையாது. கண்ணாடி இழையில் செய்த றெக்கை தானே வளைந்துகொள்கிறது. சுற்றிச் சுற்றிப் பொம்மைக்கே திரும்பிவிட்டார்கள்.

ஃப்ளைட்கியரில் இந்த பி.ஓ. 105ஐப் பறக்கவிட்டவர்கள் எழுத வேண்டியிருந்ததும் அந்த வளைவைத்தான். யாசிம் என்கிற பறக்கும் கணக்கில் ரோட்டாருக்கென்று தனிப் பகுதி சேர்த்தார்கள். றெக்கையின் நீளம், எடை, எவ்வளவு எழும்பும், எவ்வளவு தணியும் எல்லாம் கொடுத்தாக வேண்டும். றெக்கையைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டின் மீதும் காற்று எப்படிப் படுகிறது என்று, ஒரே விநாடிக்குள் திரும்பத் திரும்பக் கணக்குப் போடுகிறது கம்ப்யூட்டர்.

விழுவதையும் எழுத வேண்டும். ஹெலிகாப்டர் செங்குத்தாக வேகமாக இறங்கினால், தான் கீழே தள்ளிய காற்றுச் சுழலுக்குள் தானே மாட்டிக்கொள்ளும். பயந்துபோய் இன்னும் விசை கொடுத்தால் நிலைமை மோசமாகும். முன்னாலோ பக்கவாட்டிலோ நகர்ந்து அந்தக் காற்றிலிருந்து வெளியேற வேண்டும்.

‘பாவம், பழகுகிற பையன்’ என்று சிமுலேட்டர் இதை மன்னித்துவிட்டால்? கை தப்பாகப் பழகிவிடும். நாளைக்கு நிஜ ஹெலிகாப்டரில் உட்காரும்போதும் அந்தக் கைதான் இருக்கும்.

சியர்வாவின் பொம்மை, அவருக்கே தெரியாமல் சரியாக இருந்தது. சிமுலேட்டருக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. எழுதாத எதையும் அது செய்யாது. யாரோ விட்டுவிட்ட ஒரு வளைவை வேறு யாரோ கண்டுபிடிக்க வேண்டுமென்றால், சமையல் குறிப்பு எல்லோர் கண்ணிலும் பட வேண்டும். காசு மிச்சம் என்பதெல்லாம் அப்புறம்தான்.

முடிந்தால் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். முதல் தடவை கட்டாயம் விழுவீர்கள். சந்தோஷப்படுங்கள். கணக்கு சரியாக இருக்கிறது.