சக்கரத்தில் ஒரு கல்வெட்டு

கல்வெட்டுப் படிக்கப் பழகியவர்களுக்கு ஒரு தொல்லை உண்டு. எழுத்தை எங்கே கண்டாலும் கால் நின்றுவிடும். கோயில் அதிட்டானமானாலும் சரி, மோட்டார் சைக்கிளின் டயரானாலும் சரி.

நம் மாணவர் ஒருவர் 2009ஆம் ஆண்டு யமஹா ஆர்15 வண்டியொன்றைப் பழையதாக வாங்கி வைத்திருந்தார். 2022ஆம் ஆண்டு ஆடி மாதம் பின்சக்கரத்துக்குப் புது டயர் போட்டார். ஐப்பசி மழையில், ஒரு சாதாரண வளைவில், வழுக்கி விழுந்தார். வலது மணிக்கட்டு முறிந்தது. பருவத் தேர்வை அவரால் எழுத இயலவில்லை. பார்க்கச் சென்ற நாம், வீட்டு வாசலில் நின்ற வண்டியின் அருகே குந்தி அமர்ந்து டயரைப் படித்துக்கொண்டிருந்ததைக் கண்டு அவருடைய தாயார் சற்றே வியந்திருக்கக்கூடும்.

கழற்றிய பழைய டயர் திண்ணையோரம் கிடந்தது. அதில் இருந்த வரி: 100/80-17 52பி. முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது எண், அந்த அகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு உயரம் என்பது. 17 என்பது ரிம்மின் விட்டம். ஆனால் மில்லிமீட்டரில் அன்று, அங்குலத்தில்! 52 என்ற குறியீடு அந்த டயர் 200 கிலோ சுமை தாங்கும் என்கிறது. 'பி' என்ற எழுத்து மணிக்கு 150 கிலோமீட்டர் வேகம் வரை ஏற்றது என்கிறது.

ஒரே வரியில் இரண்டு அளவைகள் ஏன்? தொடக்ககால டயர்கள் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் அங்குலக் கணக்கில் பிறந்தவை. நம் ஊர்ச் சாலைகளில் நெடுங்காலம் ஓடிய புல்லட்டின் டயர் 3.25-19, இரண்டுமே அங்குலம். பிற்காலத்தில் அகலம் மட்டும் மெட்ரிக் அளவைக்கு மாறியது, ரிம் மாறவில்லை. 1970களில் பிரான்சின் மிஷெலின் நிறுவனம் ரிம்மையும் மில்லிமீட்டருக்கு மாற்றக் கார்களில் முயன்று பார்த்தது. அம்முயற்சி வேரூன்றவில்லை. சட்டைத்துணியை மீட்டரில் வாங்கிவிட்டு இடுப்பளவை அங்குலத்தில் சொல்லும் நாம் இதைப் பார்த்துச் சிரிக்க இயலாது.

காற்றடைத்த சக்கரத்தை முதலில் எண்ணிப் பார்த்தவர் என்று பள்ளிப் பாடங்கள் சொல்வது ஜான் பாய்டு டன்லப்பை. ஸ்காட்லாந்தில் பிறந்து பெல்ஃபாஸ்டில் கால்நடை மருத்துவராக இருந்தவர். 1887இல் தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்காகக் காற்றடைத்த குழாயைச் செய்து பார்த்தார்; 1888இல் காப்புரிமை பெற்றார். மறு ஆண்டே வில்லி ஹியூம் என்ற சைக்கிள் வீரர் அந்த டயரோடு பெல்ஃபாஸ்டில் பந்தயங்களை வென்றதும் உலகம் திரும்பிப் பார்த்தது. ஆனால் 1890இல் ஓர் உண்மை வெளிப்பட்டது: அதே கருத்துக்கு ராபர்ட் வில்லியம் தாம்சன் என்ற மற்றொரு ஸ்காட்லாந்துக்காரர் 1845ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றிருந்தார், தம் இருபத்து மூன்றாம் வயதில். குதிரை வண்டிகளுக்காக அவர் செய்த சக்கரம் ஓசையின்றி ஓடியது. ஆனால் வாங்குவார் இல்லை. சைக்கிள் பரவாத காலத்தில் பிறந்துவிட்டது, அவ்வளவே அதன் குற்றம்.

இரப்பரின் கதை இதைவிடக் கசப்பானது. கந்தகம் சேர்த்துச் சூடேற்றினால் இரப்பர் கோடையில் இளகாமலும் குளிரில் விறைக்காமலும் நிற்கும் என்று 1839இல் கண்டவர் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர். 1860இல் அவர் கடனாளியாகவே இறந்தார். அவர் பெயர் தாங்கிய டயர் நிறுவனம் 1898இல் பிறரால் தொடங்கப்பட்டது. அவர் குடும்பத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

சைக்கிளுக்கும் பின்னர் மோட்டார் வண்டிக்கும் டயர் தேவைப்படத் தேவைப்பட, இரப்பர் எங்கே கிடைக்கும் என்ற தேடல் வெறியாயிற்று. 1885 முதல் 1908 வரை பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்டின் தனியுடைமைபோல் இருந்த காங்கோவில், காட்டுக்கொடிகளிலிருந்து பால் இறக்கித் தரவேண்டும் என்று ஊர்தோறும் அளவு விதிக்கப்பட்டது. அந்தக் கொடிய ஆட்சியில் கைகள் வெட்டப்பட்டன. 1904இல் வெளிவந்த ரோஜர் கேஸ்மென்டின் அறிக்கை அக்கொடுமைகளை உலகறியச் செய்தது.

மறுபுறம், 1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை லண்டனை அடுத்த கியூ தோட்டத்துக்குக் கொண்டுவந்தார். முளைத்தவை மூவாயிரத்துக்கும் குறைவு; அவற்றுள் பெரும்பாலானவை இலங்கைக்கு அனுப்பப்பட்டன. 1877இல் சிங்கப்பூர் சென்றவை வெறும் 22 செடிகள். மரத்தைக் கொல்லாமல் பட்டையைச் சீவிப் பாலெடுக்கும் முறையை அங்கே ஹென்றி ரிட்லி வகுத்தார். மலாயாவின் காடுகள் தோட்டங்களாயின. அத்தோட்டங்களில் விடியுமுன் மரஞ்சீவப் போனவர்களுள் பெரும்பகுதியினர் கங்காணிகள் வழியே கப்பலேறிய நம் தமிழர்கள். அகிலனின் 'பால்மரக் காட்டினிலே' நாவலைப் படித்தவர்களுக்கு அந்த வாழ்வைப் பற்றி நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. இக்கட்டுரையாளரைப் பொறுத்தவரை, டயர் என்றதும் டன்லப் நினைவுக்கு வரும் முன் அந்தப் பால்வாளிகள் நினைவுக்கு வருவதே முறை.

மீண்டும் திண்ணையோரத்து டயருக்கு வருவோம். 80க்கும் 17க்கும் இடையே உள்ள சிறு கோட்டைப் பெரும்பாலோர் அழகுக்கு இட்டது என்று எண்ணுகின்றனர். ஓலைச்சுவடியில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இல்லாமையால் பதிப்பாசிரியர்கள் பட்ட பாட்டை அறிந்தவர்கள் ஒரு புள்ளியையும் கோட்டையும் அப்படி அலட்சியம் செய்யமாட்டார்கள். அந்தக் கோடு, டயரின் உள்ளே நூலிழைகள் குறுக்கும் மறுக்குமாகச் சாய்ந்து கிடக்கின்றன என்பதன் அடையாளம். கோட்டின் இடத்தில் 'ஆர்' என்ற எழுத்து இருந்தால் அது ரேடியல்; இழைகள் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு நேராகச் செல்லும். மிஷெலின் 1946இல் இதற்குக் காப்புரிமை பெற்றது. கார்களுக்கு விரைவில் வந்துவிட்ட ரேடியல், சாய்ந்து வளையும் மோட்டார் சைக்கிளுக்கு ஏற்றவாறு திருந்த 1980கள் ஆயின.

இனி ஆர்15க்கு. 2008இல் அவ்வண்டி இந்தியாவில் வந்தபோது 150 சிசி எஞ்சினுக்குப் போதுமான மெலிந்த டயர்களே இருந்தன: முன்னே 80/90-17, பின்னே 100/80-17. மெலிந்தது எடை குறைவு. வளைவில் சட்டெனத் திரும்பும். ஆனால் 2011இல் வந்த இரண்டாம் வடிவத்துக்கு 130/70-ஆர்17 என்ற அகன்ற ரேடியலைப் பின்னே பொருத்தினர். அதற்கேற்ப ரிம்மையும் அகலமாக்கினர். பழைய வண்டி வைத்திருந்த இளைஞர்கள் டயரைப் பார்த்தனர், ரிம்மைப் பார்க்கவில்லை! அகன்ற டயரைக் குறுகிய ரிம்மில் திணித்தால் ஓரங்கள் உள்ளிழுக்கப்பட்டு, தரையில் படும் முகடு கூம்பிவிடும். தோற்றம் பருத்திருக்கும்; வண்டியின் நடை மந்தமாகும்; சாய்வில் டயர் எப்படித் தரையைப் பற்றவேண்டும் என்று வடிவமைத்தார்களோ அப்படிப் பற்றாது. நம் மாணவரின் பின்சக்கரத்தில் இருந்தது அந்த 130தான்.

அது மட்டுமன்று. பக்கச்சுவரில் ஒரு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருந்தன: 0916. 2016ஆம் ஆண்டின் ஒன்பதாம் வாரத்தில் செய்யப்பட்டது என்பது பொருள். (2000க்கு முன் மூன்றே இலக்கங்கள், எந்தப் பத்தாண்டு என்பதை ஊகிக்க வேண்டியிருக்கும். கல்வெட்டில் அரசனின் ஆட்சியாண்டு மட்டும் இருந்து அரசன் பெயர் சிதைந்துபோனதற்கு ஒப்பானது இது.) 'புத்தம் புதிது' என்று விற்கப்பட்ட பொருளுக்கு அப்போதே ஆறு வயது கடந்திருந்தது. இரப்பர் மூப்படையும், கிடங்கில் ஓடாமல் கிடந்தாலும் நாளடைவில் இறுகும். இறுகிய இரப்பரும் கூம்பிய முகடும் ஈரச்சாலையில் கூட்டுச் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு மாவுக்கட்டே சான்று.

கை கூடிய பின் அவரோடு நாமும் வேறொரு கடைக்குச் சென்றோம். நாள்தோறும் மழையிலும் வெயிலிலும் கல்லூரிக்கு வந்துபோகும் வண்டிக்கு நெடுங்காலம் தேயாத கடினமான டயரைவிட, சற்று முன்னதாகத் தேய்ந்தாலும் ஈரத்தைப் பற்றும் மென்மையான டயரே மேல் என்பது நம் கருத்து. கரிப்பொடி இரப்பருக்கு உறுதியைத் தந்தது. 1990களில் பரவிய சிலிக்கா கலவை ஈரத்தில் பிடிமானத்தைத் தந்தது. அது பக்கச்சுவரில் எழுதப்பட்டிராது; கேட்டுத்தான் அறியவேண்டும். மாணவர் கேட்டார். பழைய அளவையே, 100/80-17ஐயே, சொன்னார்.

"பெரிசா போடலாமே தம்பி, ஆளும் பெரிசா இருக்கீங்க" என்றார் கடைக்காரர், டயரை உருட்டிக்கொண்டு வந்து.

மாணவர் குனிந்தார். இடது கையால் தூசியைத் துடைத்து நான்கு இலக்கங்களைத் தேடிப் படித்தார். நிமிர்ந்து, "இது ஆறு வருசத்துக்கு முந்தினது அண்ணே, வேற எடுங்க" என்றார். கடைக்காரர் நம்மை ஒரு முறை பார்த்துவிட்டு உள்ளே போனார்.