ஒரு கையொப்பத்தின் விலை: சென்னை, 1809

புனித ஜார்ஜ் கோட்டையில் ஆளுநரும் படைத்தலைவரும் பூசலிட்டது ஒருமுறையன்று. 1806ஆம் ஆண்டு வேலூர்க் கிளர்ச்சியை அடுத்து ஆளுநர் பென்டிங்கும் படைத்தலைவர் கிராடக்கும் ஒருங்கே திரும்ப அழைக்கப்பட்டதை நாம் அறிவோம். அக்கிளர்ச்சியின் பழியை மிஷனெரிகள்மேல் சுமத்தியோரும் இருந்தனர். அவ்விருவருக்குப்பின் வந்த சர் ஜார்ஜ் பார்லோவுக்கும் ஜெனரல் ஹே மக்டவலுக்கும் மூண்ட பூசலோ நம்மிடையே அதிகம் பேசப்படுவதில்லை.

அதன் வித்து கூடாரக் கணக்கு. சிப்பாய்ப் படைப்பிரிவுகளை நடத்திய ஆங்கில அதிகாரிகளுக்குக் கூடாரங்களைப் பேணுவதற்கென மாதந்தோறும் குறித்த தொகை வழங்கப்பட்டது. போர்க்காலமாயினும் அமைதிக்காலமாயினும் தொகை ஒன்றே; செலவு குறைந்தால் மீதி அதிகாரிக்கு. இம்முறை கடமையையும் ஆதாயத்தையும் எதிரெதிரே நிறுத்துகிறது என்று கர்னல் ஜான் மன்றோ 1807இல் அறிக்கை அளித்தார். (இவர் பிற்காலத்தில் சென்னை ஆளுநரான தாமஸ் மன்றோ அல்லர்.) முந்திய படைத்தலைவர் கேட்டுக்கொண்டபடியே எழுதப்பட்ட அறிக்கை அது. 1808இல் கூடார ஒப்பந்தம் நீக்கப்பட்டது. அதிகாரிகள் வெகுண்டனர்.

தமக்குமுன் இருந்தோர் பெற்றிருந்த ஆலோசனைச் சபை இடம் தமக்கு மறுக்கப்பட்டதால் மக்டவல் ஏற்கெனவே மனங்கசந்திருந்தார். 1809 சனவரியில் அவர் மன்றோவைக் காவலில் வைத்தார். மன்றோ அரசிடம் முறையிட்டார். அரசு அவரை விடுவிக்கக் கட்டளையிட்டது. மக்டவல் பணிந்தார். ஆயினும் தாயகம் புறப்படும் வேளையில், சனவரி 28ஆம் நாளிட்ட படை ஆணையில், தம்மைக் கடந்து அரசிடம் சென்றதற்காக மன்றோவைக் கடிந்துரைத்தார். படைவீரனின் முறையீடு படைத்தலைவர் வழியாகவே செல்லவேண்டும் என்பது அவர் வாதம். படையும் அரசுக்கு உட்பட்டதே என்பது பார்லோவின் வாதம். சட்டம் பார்லோவின் பக்கமே இருந்தது என்பதில் நமக்கு ஐயமில்லை. மூன்று நாட்களில் அவர் மக்டவலைப் பதவிநீக்கம் செய்தார். தாயகம் நோக்கிச் சென்ற ஜெனரலோ கப்பலோடு கடலில் மறைந்தார்.

ஆனால் பார்லோ அத்துடன் நில்லாமல், ஆணையில் கையொப்பமிட்டு வெளியிட்ட மேஜர் போல்ஸையும் பணியிடைநீக்கம் செய்தார். இங்கேதான் நாம் தயங்கி நிற்கிறோம். கையொப்பமிட மறுத்திருந்தால் போல்ஸ் தம் தலைவருக்குக் கீழ்ப்படியாதவர். இட்டதனால் அரசை அவமதித்தவர். மேலோர் இருவர் வகுத்த இரு முறைமைகளுக்கு நடுவே அகப்பட்ட கீழதிகாரி வேறு என்ன செய்திருக்கக்கூடும்? தண்டிப்பதற்குமுன் பார்லோ இதைக் கேட்டுக்கொண்டதாகத் தோன்றவில்லை. போல்ஸுக்கு ஆதரவாக அதிகாரிகள் விண்ணப்பம் எழுதினர். மே மாதத்தில் மேலும் பலர் நீக்கப்பட்டனர். மசூலிப்பட்டணம், ஐதராபாத், சீரங்கப்பட்டணம் ஆகிய இடங்களில் அதிகாரிகளே கிளர்ந்தெழுந்தனர்.

படைமுறைமையைக் கடந்து செல்லலாகாது என்று தொடங்கிய இப்பூசலில், இறுதியில் அரசே அதிகாரிகளைக் கடந்து சிப்பாய்களிடம் நேரே பேசியது. எனினும் ஆகஸ்டில் சித்திரதுர்க்கத்திலிருந்து சீரங்கப்பட்டணம் நோக்கித் தம் அதிகாரிகள் நடத்திச் சென்ற சிப்பாய்கள்மீது மைசூர்க் குதிரைப்படையும் ஆங்கிலக் குதிரைப்படையும் பாய்ந்தன. சிப்பாய்கள் பலர் மடிந்தனர். கூடாரப் பணத்தில் அவர்களுக்கு ஒரு காசும் பங்கிருந்ததில்லை. அடுத்த மாதம் தலைமை ஆளுநர் மிண்டோ பிரபு சென்னைக்கு வந்து, ஒரு சிலரைத் தவிர்த்து ஏனைய அதிகாரிகள் அனைவருக்கும் மன்னிப்பு வழங்கினார்.