திருவாலங்காட்டுச் செப்பேடுகள்

முதலாம் இராசேந்திர சோழன் காலத்துச் செப்பேட்டுத் தொகுதி. சோழர் போர்களின் நினைவைக் காக்கும் ஆவணங்களில் தலையாயது. திருத்தணியை அடுத்த திருவாலங்காட்டில் 1905இல் கிடைத்தது. சோழ முத்திரை பொறித்த வளையத்தில் கோத்த 31 ஏடுகள். பழையனூர் என்னும் ஊரைத் திருவாலங்காட்டுக் கோயிலுக்கு அளித்த கொடையைத் தமிழ்ப்பகுதி பதிவு செய்கிறது. இந்தக் கொடை ஆணை மன்னனின் 6ஆம் ஆட்சியாண்டுக்கு, அதாவது பொ.ஆ. 1018 அளவுக்கு உரியது. நாராயணன் என்னும் புலவர் இயற்றிய வடமொழிப் பகுதியோ, அதற்குப் பின் நடந்த கங்கைப் படையெடுப்பையும் கடல் கடந்த கடார வெற்றியையும் புகழ்கிறது. ஆகவே அது பிறகு சேர்க்கப்பட்டது என்றே கொள்ள வேண்டும். கங்கைநீரைக் கொண்டுவந்து சோழகங்கம் ஏரியை வெற்றிச் சின்னமாக மன்னன் அமைத்த செய்தியும் இதில் உண்டு. இது வென்றவர் எழுதிவைத்த நினைவு. தோற்றவர் இழந்ததைக் கணக்கில் கொள்ளாமல் இதை வாசிப்பது அநீதி. கல்வெட்டறிஞர் கிருஷ்ண சாஸ்திரி இச்செப்பேடுகளைத் தென்னிந்தியக் கல்வெட்டுகள் மூன்றாம் தொகுதியில் பதிப்பித்தார். ஏடுகள் சென்னை அரசு அருங்காட்சியகத்தில் உள்ளன.