பால் ஒத்துக்கல

போன மாதம் கோலாலம்பூர் பங்சாரில் ஓர் இனிப்புக் கடைக்குப் போனேன். நானாகப் போகவில்லை. தங்கை பேத்திக்கு ஏழாவது பிறந்த நாள். அவளுக்குப் பசும்பால் ஆகாது, முட்டையும் ஆகாது. மூன்று வயதில் யாரோ கொடுத்த ஒரு துண்டு கேக்கைத் தின்று, உதடு வீங்கி, மூச்சு இழுத்து, ஆஸ்பத்திரியில் ஓர் இரவு கிடந்தவள். அதிலிருந்து பிறந்த நாள் என்றாலே வீட்டில் எல்லாருக்கும் உள்ளுக்குள் ஒரு பயம்.

இந்தக் கடையில் பால், வெண்ணெய், முட்டை, தேன் எதுவும் சேர்ப்பதில்லை. கோதுமையும் வேர்க்கடலையும்கூடக் கிடையாது. ஒவ்வொரு தட்டுக்கு முன்னாலும் ஒரு சின்ன அட்டை. என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று அதில் எழுதியிருந்தது. பிள்ளையின் அம்மா ஒவ்வோர் அட்டையையும் வாய்விட்டுப் படித்து முடித்து, "எது வேணும்னாலும் எடுத்துக்கோடா" என்றாள். ஒரு கடைக்குள் நின்று அந்த வார்த்தையை அவள் கேட்டது அதுதான் முதல் தடவை.

அவள் சாக்லேட் கேக் எடுத்துக்கொண்டாள். எனக்கு ஒரு கண்ணாடிக் கிண்ணம் வந்தது. சவ்வரிசி, தேங்காய்ப்பால், மேலே குலா மலாக்கா பாகு. விலை 18 வெள்ளி. ஒரு கரண்டி வாயில் வைத்ததும் சிரிப்பு வந்துவிட்டது. "இதையெல்லாம் நாங்க தம்பின்ல சும்மாவே தின்னோம்" என்றேன். சொன்ன பிறகுதான் அது பாதி உண்மை என்று உறைத்தது. மீதிப் பாதியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தம்பின், நெகிரி செம்பிலானின் தெற்கு ஓரத்து ஊர். ரயில் நிலையம்கூட எல்லை தாண்டி, மலாக்கா மாநிலத்துப் பூலாவ் செபாங்கில்தான் இருக்கிறது. எங்கள் தோட்டம் கெமிஞ்சே போகும் சாலையில் இருந்தது. குலா மலாக்கா எங்களுக்குத் தூரத்துச் சரக்கு அல்ல. தென்னம்பாளையைச் சீவி இறக்கிய சாற்றைக் கம்பத்து மலாய்க்காரர்கள் காய்ச்சி, மூங்கில் குழலில் ஊற்றி இறுக வைப்பார்கள். அந்தச் சாற்றைக் காய்ச்சாமல் விட்டால் சில மணி நேரத்திலேயே புளித்துக் கள்ளாகிவிடும். கம்பத்தில் வெல்லமாக இறுகியது தோட்டத்தில் கள்ளாக நுரைத்தது. வாங்கிய சம்பளம் தோட்டத்தைத் தாண்டாமல் கள்ளுக்கடையிலேயே கரைந்தது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில் கள்ளுக்கடைகளை மூடச் சொன்னதும் ஒன்று.

நான் சாப்பிட்ட கிண்ணத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. மலாயாவின் வெள்ளைக்காரத் துரைமார் ஞாயிற்றுக்கிழமை மதியம் கறியும் சோறும் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு, கடைசியில் குளிரக் குளிரச் சாப்பிட்ட இனிப்பு இதுதான். 'குலா மலாக்கா' என்றாலே அவர்களுக்கு இந்தச் சவ்வரிசிக் கிண்ணம்தான். பாலும் முட்டையும் வெண்ணெயும் தாராளமாகக் கிடைத்த பங்களாவிலேயே, அவை எதுவும் இல்லாத இனிப்பு விருந்துக்கு முடிவாக இருந்தது. லயத்தில் நாங்களும் தேங்காய்ப்பால் ஊற்றித்தான் பாயசம் வைத்தோம். பங்களாவில் அது ருசிக்காக. எங்களிடம் வேறு பால் இல்லை.

தோட்டத்தில் 'பால்' என்றால் முதலில் ரப்பர்ப் பால்தான். பால்மரம் வெட்டுவது, பால் எடுப்பது, பால் நிறுப்பது. என் பாட்டி விடியும் முன் பெரட்டுக்கு நின்று, பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு மரம் வெட்டப் போவாள். திரும்பும்போது மத்தியானம் ஆகிவிடும். மார் கட்டிக்கொண்டு வலிக்குமாம். அதுவரை பிள்ளைக்கு வெந்நீரில் கரைத்த டின் பால். 1938இல் பிறந்த அவளுடைய முதல் பெண் ஏழு மாதத்தில் இறந்துபோனது. எனக்குப் பெரிய அத்தை. பேர்கூட வைத்திருந்தார்கள். எப்படிச் செத்தது என்று கேட்டால் பாட்டி இரண்டே வார்த்தைதான் சொல்வாள்: "பால் ஒத்துக்கல."

பல வருடம் நான் அதை ஒரு நோயின் பெயராகவே நினைத்திருந்தேன். தங்கை பேத்தியின் டாக்டரிடம் உட்கார்ந்த பிறகுதான், அந்த இரண்டு வார்த்தைக்குள் மூன்று வெவ்வேறு சங்கதிகள் இருப்பது புரிந்தது. ஒன்று ஒவ்வாமை. பாலில் உள்ள புரதத்தை உடம்பின் எதிர்ப்புச் சக்தி எதிரி என்று எடுத்துக்கொள்வது. ஒரு சொட்டுகூட ஆபத்தாகலாம். இரண்டாவது, லாக்டோஸ் என்னும் பால் சர்க்கரை செரிக்காமல் போவது. ஆசியாவில் வளர்ந்தவர்களில் பெரும்பாலோருக்கு இது உண்டு. வயிறு உப்பும், கடுக்கும், போகும், உயிருக்கு ஆபத்தில்லை. கைக்குழந்தைகளுக்கு இது அபூர்வம். மூன்றாவது, பாலின் பெயரில் பாலல்லாத ஒன்றைக் கொடுப்பது.

இந்த மூன்றாவதைப் பற்றி 1939இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் ஒரு பெண் மருத்துவர் பேசினார். சிசிலி வில்லியம்ஸ். குவாஷியோர்கர் என்னும் சத்துக்குறைவு நோயை ஆப்பிரிக்காவின் கோல்ட் கோஸ்டில் பார்த்து, 1933இல் மருத்துவ உலகுக்கு எழுதிக் காட்டியவர். 1936 முதல் சிங்கப்பூரில் வேலை பார்த்தார். அவருடைய பேச்சின் தலைப்பு 'பாலும் கொலையும்'. இனிப்பூட்டிய டின் பாலைத் தாய்ப்பாலுக்கு ஈடாகக் காட்டி விளம்பரம் செய்து, அதனால் பிள்ளைகள் சாவதைக் கொலையாகவே கருத வேண்டும் என்று வாதாடினார். அந்தப் பாலில் ஏறத்தாழப் பாதி சர்க்கரை. தண்ணீர் விட்டுக் கரைத்தால் இனிக்கும், வெள்ளையாகவும் இருக்கும். ஆனால் பிள்ளைக்கு வேண்டிய புரதமும் கொழுப்பும் போதாது. தண்ணீரும் பாட்டிலும் சுத்தமில்லை என்றால் வயிற்றுப்போக்கும் சேர்ந்துகொள்ளும். எங்கள் லயத்தில் யார் காதுக்கும் அந்தப் பேச்சு எட்டவில்லை. எட்டியிருந்தாலும் பெரட்டு நேரம் மாறியிருக்காது.

பிறகு சண்டை வந்தது. வில்லியம்ஸ் சாங்கி சிறையில் அடைபட்டார். தம்பினையும் மலாக்காவையும் இணைத்த கிளை ரயில் பாதையை, சயாம் ரயில் பாதைக்காக ஜப்பானியர் பெயர்த்துக் கொண்டுபோனார்கள். தண்டவாளத்தைப் போலவே ஆட்களையும் தோட்டம் தோட்டமாக ஏற்றிக்கொண்டு போனார்கள். அந்தப் பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. ஊரில் மிஞ்சியவர்களுக்கு மரவள்ளிக்கிழங்கு. ஜாவா அரிசி என்பதிலிருந்துதான் ஜவ்வரிசி என்ற பேர் வந்தது என்பார்கள். கடல் வழி அடைபட்டு அந்தச் சரக்கு வருவது நின்றதும், அதே 1943 வாக்கில் சேலத்தில் மரவள்ளி மாவிலிருந்து ஜவ்வரிசி செய்யத் தொடங்கினார்கள். அடுத்த வருடம், 1944 நவம்பரில், இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சன் என்ற மர ஆசாரியும் அவர் கூட்டாளிகளும் பாலும் முட்டையும்கூடத் தொடாதவர்களுக்காக ஒரு சங்கம் தொடங்கி, 'வீகன்' என்ற சொல்லையும் உண்டாக்கினார்கள். அவர்கள் வேண்டாம் என்று ஒதுக்கியதை மதிக்கிறேன். அந்த வருடம் எங்கள் தோட்டத்தில் ஒதுக்குவதற்கு எதுவும் இருக்கவில்லை.

சண்டை முடிந்து சில வருடத்தில் பாட்டி ஒரு பசு வாங்கினாள். பால் துரை பங்களாவுக்கும் கிராணி வீட்டுக்கும் போகும். எங்களுக்கு வரக்கோப்பி. ஆனால் பிற்பாடு பிறந்த பிள்ளை எதற்கும் அவள் டின் பால் வாங்கவே இல்லை. ஆயாக் கொட்டகைக்குக் கஞ்சித் தண்ணிதான் கொடுத்துவிடுவாள். மத்தியானம் ஸ்டோரில் பாலை நிறுத்துப் போட்டதும், கைகூடச் சரியாகக் கழுவாமல் ஓடி வருவாளாம். அவள்மீது எப்போதும் ரப்பர்ப் பால் வாடை அடிக்கும் என்று அப்பா சொல்வார். வில்லியம்ஸ் பேரையே கேட்டிராத ஒருத்தி, தன் பிள்ளையைப் பறிகொடுத்து அதே முடிவுக்கு வந்திருந்தாள்.

அதனால்தான் "நாங்க சும்மாவே தின்னோம்" என்று நான் சொன்னது தப்பு. கிண்ணத்தில் இருந்தது ஒன்றாக இருக்கலாம். பாலில்லாத இனிப்பை எங்கள் ஆட்கள் தேடிப் போகவில்லை, பாலில்லாமல் இருந்தார்கள். இதைப் பழம்பெருமையாகப் பேசினால், செத்துப்போன பிள்ளையையும் பெருமைக் கணக்கில் சேர்த்ததாகிவிடும். இன்னொரு பக்கம், 18 வெள்ளிக் கிண்ணத்தைப் பணக்கார விளையாட்டு என்று ஒதுக்கவும் எனக்கு மனசு வரவில்லை. எதிரே உட்கார்ந்து கன்னமெல்லாம் சாக்லேட் அப்பிக்கொண்டு ஒருத்தி பயமில்லாமல் தின்றுகொண்டிருந்தாள்.

கிளம்பும்போது கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். பாட்டி வந்திருந்தால் விலையைக் கேட்டுத் திட்டியிருப்பாள். அந்த அட்டைகளை அவளால் படித்திருக்க முடியாது, எழுத்து தெரியாது. ஆனால் யாரையாவது கூப்பிட்டு, இதில் என்ன போட்டிருக்கு என்று ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டச் சொல்லியிருப்பாள்.