ஒன்பது இரவு ஊறிய கண் மருந்து

கண்கட்டி வந்தால் தோட்டத்து லயங்களில் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். பாட்டி ஒன்று சொல்வாள். பக்கத்து வீட்டுக்காரர் வேறொன்று சொல்வார். வெள்ளைக்காரர் நாட்டிலும் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இப்படித்தான் கைவைத்தியம் பார்த்தார்கள். அவர்களுடைய பழைய வைத்திய ஏடு ஒன்றை இன்று நாம் புரட்டிப் பார்ப்போம்.

பால்டு என்பவருக்கு உரியதாக இருந்த நூல் அது. 10ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட பிரதி லண்டனிலுள்ள பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. கண்கட்டிக்கு அதில் ஒரு பக்குவம் உண்டு. வெள்ளைப்பூண்டையும் வெங்காய இனத்துச் செடி ஒன்றையும் சம அளவு எடுத்து நன்றாக இடிக்க வேண்டும். திராட்சை மதுவையும் மாட்டின் பித்தநீரையும் சம அளவாகச் சேர்த்துக் கலக்க வேண்டும். பித்தளைப் பாத்திரத்தில் ஒன்பது இரவு வைத்து, துணியில் பிழிந்து, கொம்பில் ஊற்றிவைக்க வேண்டும். இரவில் இறகால் தொட்டுக் கண்ணில் தடவ வேண்டும்.

பித்தநீரா என்று தாய்மார்கள் முகம் சுளிக்கலாம். படித்தவர்களும் பல காலம் இவற்றை மூடநம்பிக்கை என்றே தள்ளினார்கள். படித்துவிட்டுச் சிரிப்பது எளிது. செய்து பார்ப்பதுதான் கடினம்.

நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் பழைய ஆங்கிலம் கற்ற கிறிஸ்டினா லீயும் கிருமியியல் அறிஞர் ஃபிரேயா ஹாரிசனும் சேர்ந்து அதைச் செய்து பார்த்தார்கள். ஏட்டில் சொல்லிய அந்த இரண்டாவது செடி எது என்பது திட்டமாகத் தெரியவில்லை. ஆகவே வெங்காயத்தைப் போட்டு ஒன்றும், லீக்ஸைப் போட்டு ஒன்றும் தயாரித்தார்கள். 2015இல் முடிவு வெளியானது. கண்கட்டிக்குப் பெரும்பாலும் காரணமான ஸ்டேஃபிலோகாக்கஸ் கிருமிகள் அதில் மடிந்தன. வழக்கமான பல மருந்துகளுக்கும் அடங்காத அதன் வகையொன்று எலியின் புண்களிலும் வெகுவாகக் குறைந்தது.

நமக்கு வியப்பூட்டுவது 2020இல் வந்த ஆய்வு. தனித்தனியாக மிதக்கும் கிருமிகளைப் பூண்டே கொன்றுவிடும். ஆனால் புண்ணில் கிருமிகள் கூட்டமாகப் பசைபோல் ஒட்டிக்கொண்டு வாழ்கின்றன. அந்தக் கூட்டத்தைக் கலைக்கப் பூண்டு மட்டும் போதவில்லை. வெங்காயம், மது, பித்தநீர் யாவும் சேர வேண்டியிருந்தது. அந்த வைத்தியருக்குக் கிருமி என்ற பேச்சே தெரியாது. பக்குவத்தை மட்டும் வழுவாமல் எழுதிவைத்தார்.

இதைக் கேட்டுவிட்டு யாரும் பூண்டுச் சாற்றைப் பிள்ளைகளின் கண்ணில் விட்டுவிடாதீர்கள், கண் புண்ணாகிவிடும். அறிஞர்கள் அந்த ஆய்வுகளில் சோதித்தது ஆய்வுக்கூடத்துக் கிருமிகளிலும் எலியின் புண்ணிலுமே. கட்டி வீங்கிப் பார்வை மங்கினால் மருத்துவமனைக்கு உடனே அழைத்துச் செல்லுங்கள்.