ஞானசௌந்தரியும் மாதோட்டத்துக் கூத்தரும்

1948ஆம் ஆண்டில் ஒரே கதை இரண்டு திரைப்படங்களாகத் தமிழகத்தில் வெளிவந்தது. சிட்டாடல் நிறுவனத்தாருக்காக எப். நாகூர் இயக்கிய ‘ஞானசௌந்தரி’யில் எம். வி. ராஜம்மாவும் டி. ஆர். மகாலிங்கமும் நடித்தனர். எஸ். வி. வெங்கட்ராமன் இசையமைக்க, ஜிக்கியும் பி. ஏ. பெரியநாயகியும் பாடினர். ஜெமினி எஸ். எஸ். வாசன் அதே பெயரில் எடுத்த படத்தில் எம். கே. ராதா நடித்தார். பணபலத்தில் ஓங்கிய ஜெமினி தோற்றது, சிட்டாடல் வென்றது. ராஜம்மாவின் நடிப்பும் பாட்டுகளுமே வெற்றிக்குக் காரணம் என்று சினிமா வரலாறு எழுதுவோர் கூறுவர். அது தவறன்று. ஆனால், திரைக்கு வருமுன் அக்கதை எவர் நாவில் வாழ்ந்தது என்று அவர்கள் வினவுவதில்லை.

மாற்றாந்தாயின் சூழ்ச்சியால் அரசகுமாரி ஒருத்தி காட்டிலே இரு கைகளும் வெட்டுண்டு கிடக்கிறாள். பிலேந்திரன் என்னும் இளவரசன் அவளைக் கண்டு மணக்கிறான். அவன் போருக்குச் சென்றபின் பொய்க் கடிதம் ஒன்று அவளையும் குழந்தைகளையும் மீண்டும் காட்டுக்குத் துரத்துகிறது. தேவமாதாவின் அருளால் இழந்த கைகள் திரும்புகின்றன. கையிழந்த பெண்ணின் கதை ஐரோப்பாவில் பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே காவியமாகியது. கிரிம் சகோதரரின் தொகுதியிலும் உண்டு. தமிழ் மேடைக்கு அதை நாடகமாக்கித் தந்தவர்களுள் ஒருவர் முருகபக்தரான சங்கரதாஸ் சுவாமிகள்! கலையுலகில் மதவேலிகள் எவ்வளவு தாழ்ந்திருந்தன என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

மன்னார்க் கரையில் இக்கதைக்கு வேறொரு வாழ்வும் இருந்தது. 1560இல் போர்த்துக்கேயர் மன்னாரைக் கைப்பற்றினர். 1658இல் ஒல்லாந்தர் வந்து கத்தோலிக்க வழிபாட்டைத் தடுத்தனர். ஆட்சிகள் மாறின, மடுமாதாவிடம் மக்கள் கொண்ட பற்று மாறவில்லை. அப்பற்றிலிருந்தும் பழைய கூத்து மரபிலிருந்தும் பிறந்தவையே மாதோட்டத்து நாடகங்களும் வாசகப்பாக்களும். அண்ணாவியார் ஏட்டைப் பார்த்துப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பார். மத்தளம் முழங்க இரவு முழுவதும் ஆட்டம் நிகழும். ராஜம்மா ஏற்ற வேடத்தை இங்கே ஏற்றவர் பெரும்பாலும் ஆடவரே. படப்பிடிப்புக் கருவியின் தந்திரம் எதுவுமின்றி, பாட்டையும் தாளத்தையும் நம்பியே அவர்கள் அந்த அற்புதத்தை நிகழ்த்தினர்.

நம் முற்போக்கு நண்பர்கள் சிலர் இதனை வெறும் மூடநம்பிக்கை என்று ஒதுக்குவர். எனக்கு அது உடன்பாடன்று. பார்த்திருந்தோர் யார்? கட்டுக்கரைக் குளத்து நீரில் நெல் விளைத்தவர், வலை இழுத்தவர், அரசுகளுக்காகவும் முதலாளிகளுக்காகவும் முத்துக் குளித்தவரின் வழிவந்தோர். கையையே மூலதனமாகக் கொண்டவனுக்குக் கையிழந்தவளின் கதை எப்படி வெறும் மாயக்கதையாகும்? பொய்க் கடிதம் ஒன்று குடும்பத்தைத் தெருவில் நிறுத்தும் என்பதையும், எழுத்தறியாத குடியானவனுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

1914 முதல் 1964ஆம் ஆண்டுப் புயல் வரை தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கப்பல் ஓடியது. தமிழகத்து நாடகக் கம்பெனிகளின் மெட்டும், பின்னர்ச் சினிமாவின் மெட்டும் ஈழத்து ஊர்களைப் பற்றிக்கொண்டன. கொட்டகைக் கூத்து நாட்டுப்புறத்தானின் கூச்சல் என்று படித்தவரால் இகழப்பட்டது. அவ்வேளையில்தான் பேராசிரியர் சு. வித்தியானந்தன் ஏடுகளைத் தேடினார். ‘என்றிக் எம்பரதோர் நாடகம்’ 1964இலும் ‘மூவிராசர்’ 1966இலும் ‘ஞானசௌந்தரி நாடகம்’ 1967இலும் அச்சேறின. திரையில் அக்கதை வெற்றி கண்டு அப்போது பத்தொன்பது ஆண்டுகள் கடந்திருந்தன.

1948ஆம் ஆண்டுப் படங்களின் நடிகர் பட்டியல் இன்றும் கிடைக்கிறது. மாதோட்டத்து மேடைகளில் ஞானசௌந்தரியாக ஆடியவர்களின் பெயர்கள், போர்க்கால இடப்பெயர்வுகளில் தப்பிய சில கொப்பிகளிலும் முதிய அண்ணாவிமாரின் நினைவிலுமே இருக்கக்கூடும்.